ஆடுகிற ரெயிலிங்கைச் சாட்சிக்காக விட்டு வைக்கலாமா?

சத்துவாச்சாரியிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

வயது 48. பள்ளி ஒன்றில் அலுவலக வேலை. கணவர் காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன, மகன் பெங்களூரில் இருக்கிறார். கீழே அவர் குடியிருக்கிறார். மாடி அறைகளை, வைத்தியத்துக்காக வேலூருக்கு வரும் வெளிமாநிலக் குடும்பங்களுக்கு ஒரு மாதம், இரண்டு மாதம் என்று வாடகைக்கு விடுகிறார். நாத்தனார் வீட்டுக்காரருக்குத் தெரிந்த, ராணிப்பேட்டையில் இருக்கும் ஒரு கான்ட்ராக்டரை நம்பி, கீழே மாடுலர் கிச்சனும் மாடியில் டைல்ஸ் போட்டு எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ரெயிலிங் வைத்த சிட்-அவுட்டும் செய்துகொண்டார். மொத்தம் 6,40,000 ரூபாய். ஒப்பந்தம் என்று எதுவும் எழுதவில்லை. கான்ட்ராக்டர் ஒரு நோட்டுத் தாளில் '710 மெரைன் பிளை, 304 ரெயிலிங், 5 வருஷம் கேரண்டி' என்று எழுதி ரேட் போட்டுக் கொடுத்ததுதான் (304 என்பது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஒரு ரகம்). 3,90,000 கூகுள் பேயில் போயிருக்கிறது, 1,80,000 ரொக்கமாக. பாக்கி 70,000.

வேலை முடிந்து இருபது மாதம் ஆகிறது. முதல் மழைக்காலத்திலேயே சிங்க்குக்குக் கீழே உள்ள பாக்ஸ் ஊதிப் போய் லேமினேட் உரிந்துவிட்டது. ரெயிலிங்கில் பழுப்புப் புள்ளிகள். இப்போது ஒரு தூண் அடியோடு ஆடுகிறது. கேட்டால், "உங்க போர் தண்ணி உப்பு, அதுக்கு நான் என்ன பண்றது? பாக்கி எழுபதாயிரத்தைக் குடுங்க, வந்து பார்க்கிறேன்" என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புகிறார். போன வாரம் "ரெயிலிங்கைக் கழட்டி எடுத்துட்டுப் போயிடுவேன்" என்று மிரட்டியும் இருக்கிறார்.

இவருக்கு வழக்குப் போட வேண்டும். ஆனால் பில் இல்லை. எதிராளி வேறு மாவட்டம். கொழுந்தனார் போலீசுக்குப் போகச் சொல்கிறார். பக்கத்து வீட்டில் ஒருவர், "கேஸ் முடியும் வரை எதையும் தொடாதீங்க, ரிப்பேர் பண்ணினா சாட்சி போயிடும்" என்று சொன்னதால் ஆடும் தூணை நைலான் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறார்.

முதலில் ரெயிலிங்

சகோதரி, கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: மாடியில் இருக்கும் குடும்பத்தின் ஐந்து வயதுக் குழந்தை அந்த ரெயிலிங்கில் சாய்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்ததையும், நீங்கள் ஓடிப்போய்த் தூக்கி வந்ததையும். எனக்கு உங்கள் கடிதம் அந்த வரியில்தான் தொடங்குகிறது. இதைப் படித்ததும் சிட்-அவுட் கதவைப் பூட்டி, சாவியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குடும்பத்துக்குப் புரியும் மொழியில் ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டி, அதைப் படமும் எடுத்து வையுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது பாதி சரி. பழுதான பொருளைத் தூக்கி எறிந்துவிட்டு வழக்குக்கு வந்தால் வழக்கு பலவீனமாகும். அதற்காக ஆபத்தை அப்படியே வைத்துக்கொண்டு தீர்ப்புக்குக் காத்திருக்கும்படி எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சாட்சியைப் பதிவு செய்துவிட்டுப் பழுது பார்ப்பதுதான் முறை.

செய்ய வேண்டியது இது. கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்து நேரில் பார்த்து அறிக்கை எழுதித் தரச் சொல்லுங்கள். அவர் வரும் தேதி, நேரத்தைக் கான்ட்ராக்டருக்கு ஸ்பீட் போஸ்டிலும் வாட்ஸ்அப்பிலும் முன்கூட்டியே தெரிவியுங்கள். 'நீங்களும் வந்து பாருங்கள். ஏழு நாளுக்குள் சரி செய்யாவிட்டால் நான் கழற்றி வேறு ஆளை வைத்துச் செய்துகொள்வேன், செலவு உங்களுடையது' என்று எழுதினால் போதும். அவர் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, நாளைக்கு 'எனக்குத் தெரியாமல் கழற்றிவிட்டார்கள்' என்று சொல்ல முடியாது.

கழற்றும்போது வீடியோ எடுங்கள். குறிப்பாக, தூணின் அடியில் இருக்கும் பேஸ் பிளேட்டின் போல்ட்டை உருவும்போது பக்கத்தில் டேப்பை வைத்து நீளம் தெரியும்படி எடுங்கள். நான் இன்ஜினியர் இல்லை, ஆனால் இந்த மாதிரி வழக்குகளில் அடிக்கடி பார்த்த ஒன்று இருக்கிறது. டைல்ஸும் அதற்கு அடியில் போடும் கலவையும் சேர்ந்தே இரண்டு அங்குலத்துக்கு வந்துவிடும். அதன் மேல் மூன்று அங்குல போல்ட்டைப் போட்டால் கான்கிரீட்டுக்குள் இறங்குவது ஒரே அங்குலம். தூண் நிற்பது டைல்ஸின் தயவில்தான். துணி காயப் போடுவது, சாய்வது என்று பாரம் ஏற ஏற டைல்ஸ் விரிசல் விடும், அதன் வழியாகத் தண்ணீர் இறங்கும், போல்ட் தளரும். உங்கள் வீட்டிலும் இதுதான் நடந்ததா என்பதைப் பொறியாளர் சொல்லட்டும். இதுதான் என்றால் உப்புத் தண்ணீர்க் கதைக்கே இடமில்லை.

கழற்றிய தூண், பிளேட், போல்ட் எல்லாவற்றையும் சாக்கில் கட்டித் தேதி எழுதிப் பொறியாளரிடம் கையெழுத்து வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். இடத்தை அடைக்கிறதே என்று காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். சிங்க் பாக்ஸின் ஊதிய பலகையிலும் ஒரு துண்டை அப்படியே எடுத்து வையுங்கள்.

வாடகை ஒப்பந்தத்தில் 'பாதுகாப்பு முழுவதும் குடியிருப்பவர் பொறுப்பு' என்று ஒரு வரி சேர்த்திருப்பதாகவும், அதனால் உங்களுக்குப் பிரச்சினை வராது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நம்பி இருக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், கட்டட அமைப்பு சார்ந்த பழுதுகளைப் பொதுவாக வீட்டு உரிமையாளர் பக்கத்தில்தான் வைத்திருக்கிறது. செலவு யாருடையது என்பதை உங்கள் இருவருக்கும் இடையில் அந்த வரி மாற்றலாம். ஆடுகிறது என்று தெரிந்தே விட்டு வைத்தது யார் என்று ஒருவர் கேட்டால் அதற்கு அது பதில் ஆகாது. யாராவது விழுந்து உயிர் போனால், கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றம், பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவு, உங்கள் வாசலுக்குத்தான் முதலில் வரும். கான்ட்ராக்டர் வாசலுக்கு அப்புறம்தான். பயமுறுத்த எழுதவில்லை. கயிறு கட்டியது நீங்கள் என்பதே உங்களுக்குத் தெரிந்திருந்தது என்பதற்குச் சாட்சியாகிவிடும்.

புதிதாக வைக்கும்போது உயரம் ஒரு மீட்டருக்குக் குறைய வேண்டாம், தேசியக் கட்டட விதித்தொகுப்பு எதிர்பார்ப்பது அதைத்தான். கம்பிகள் செங்குத்தாக, நான்கு அங்குலத்துக்கு மேல் இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். படுக்கைவாட்டுக் கம்பி பார்க்க நன்றாக இருக்கும், குழந்தைக்கு அது ஏணி.

பில் இல்லை என்றால் வழக்கு இல்லையா?

வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் எல்லா ஒப்பந்தத்தையும் எழுத்தில் கேட்கவில்லை. வீடு கட்டித் தருவது 'சேவை' என்று உச்ச நீதிமன்றம் 1993லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் சேவை என்பதற்கான விளக்கத்தில் வீட்டுக் கட்டுமானம் இருக்கிறது. பணம் கொடுத்து வேலை வாங்கினீர்கள், வேலையில் குறைபாடு. இவ்வளவுதான் அடித்தளம்.

1,80,000 ரொக்கத்துக்கு ரசீது இல்லையே என்று இரண்டு இடத்தில் வருத்தப்பட்டிருக்கிறீர்கள். கான்ட்ராக்டர் அனுப்பிய குரல் பதிவை இன்னொரு முறை கேளுங்கள். 'பாக்கி எழுபதாயிரம்' என்று அவரே சொல்கிறார். நோட்டுத் தாளில் மொத்தம் 6,40,000 என்று அவர் கையெழுத்திலேயே இருக்கிறது. ஆறு லட்சத்து நாற்பதாயிரத்தில் எழுபதாயிரம் போனால் எவ்வளவு வாங்கினார் என்று கணக்குப் போட வக்கீல் தேவையில்லை. மிரட்டலாக அனுப்பியது உங்களுக்கு ரசீதாக வந்திருக்கிறது!

அதனால் அந்த வாட்ஸ்அப் உரையாடலில் ஒரு வரியைக்கூட அழிக்காதீர்கள். போனை மாற்றாதீர்கள், மாற்றினாலும் பழையதை விற்காதீர்கள். மின்னணுப் பதிவுகளைச் சாட்சியமாகக் கொடுக்க, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆவது பிரிவில் ஒரு சான்றிதழ் கேட்கப்படுகிறது. உங்கள் வழக்கறிஞர் அதைத் தயார் செய்துவிடுவார். நோட்டுத் தாளின் அசலை லேமினேட் செய்ய வேண்டாம். அதுவும் உரிந்தால் யாரைக் கேட்பது?

இருபத்து நான்கில் இருபது போய்விட்டது

உங்கள் கடிதத்தில் நான் உடனே திருத்த வேண்டியது இதைத்தான். 'ஐந்து வருடக் கேரண்டி இருப்பதால் அவசரம் இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுதான் கெடு. கேரண்டி இருக்கிறது, பழுது பின்னால்தான் தெரிந்தது, சரி செய்ய மறுத்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும் என்றெல்லாம் வாதாட இடம் உண்டு. தாமதத்தை மன்னிக்கவும் ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. ஆனால் கையில் நான்கு மாதம் இருக்கும்போது அந்த வாதத்தை நம்பி ஏன் உட்கார வேண்டும்?

வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டால் கெடு நின்றுவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். நிற்காது. நோட்டீஸ், பதில், மறுபதில் என்று போய்க்கொண்டே இருக்கும், இரண்டு ஆண்டும் முடிந்துவிடும்.

ராணிப்பேட்டைக்கு அலைய வேண்டியதில்லை. 2019இல் நம் பழைய மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததில் அவர் அந்தப் பக்கம் போய்விட்டார், அவ்வளவுதான். புகார் கொடுப்பவர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரலாம் என்று இப்போதைய சட்டம் சொல்கிறது. அதனால் வேலூர் மாவட்ட ஆணையமே போதும். கட்டணம், ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை 200 ரூபாய். இணையத்தில் இ-ஜாக்ரிதி தளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். வக்கீல் கட்டாயம் இல்லை. வேண்டும், ஆனால் பணம் இல்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பே கிடையாது. சம்பளம் வாங்கும் பெண்களுக்கும் இது பொருந்தும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

அவர் தரப்பு என்ன சொல்லும்?

உப்புத் தண்ணீர் வாதம் கட்டாயம் வரும். பாலாற்றைக் காட்டித் தண்ணீர் இல்லாத ஆறு என்று நம் ஊரைக் கேலி பேசுகிறவர்கள், இருக்கிற தண்ணீரும் உப்பு என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். இந்தப் பக்கத்திலேயே தொழில் செய்கிறவருக்கு அது தெரியாதா? தெரிந்துதானே மெரைன் பிளை என்று எழுதிக் கொடுத்தார்? ஐ.எஸ். 710 என்பது தண்ணீர் படும் இடத்துக்கான பிளைவுட்டின் தர எண். உங்கள் படத்தில் உடைந்த பலகையின் வெட்டுமுகம் மரத்தூளை அழுத்தியது போல இருக்கிறது. பிளைவுட் என்றால் அடுக்கடுக்காகத் தெரிய வேண்டும். இதற்கு நிபுணர்கூட அதிகம் பேச வேண்டியிருக்காது.

ரெயிலிங்கின் கதை வேறு. உங்கள் மகன் காந்தம் வைத்துப் பார்த்தார், ஒட்டவில்லை, அதனால் 304தான் போலிருக்கிறது என்கிறீர்கள். 202 என்ற மலிவான ரகத்திலும் காந்தம் பொதுவாக ஒட்டாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைச் சேர்த்தது அது, சீக்கிரம் கறை பிடிக்கும். எது என்று சொல்ல ஒரு சிறு துண்டை உலோகச் சோதனைக் கூடத்தில் கொடுத்தால் தெரிந்துவிடும்.

இப்போது நான் ஒரு கேள்வி கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். டைல்ஸ் கறை போக ஆசிட் ஊற்றிக் கழுவினீர்களா? ஆசிட் பட்டால் அசல் 304கூடப் பழுப்பாகும். கழுவியிருந்தால் உங்கள் வக்கீலிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். கறை வேறு, தூண் ஆடுவது வேறு. ஆசிட்டால் போல்ட்டின் நீளம் குறையாது. கறைக்கான இழப்பீட்டை விட்டுக்கொடுத்து, பொருத்தியதில் உள்ள குறையில் உறுதியாக நிற்கலாம். மறைத்து வைத்துக் குறுக்கு விசாரணையில் வெளிவந்தால் கிச்சன் வழக்கும் சேர்ந்து சாயும்.

இன்னொன்று, மாடி வாடகைக்கு விட்டது, ஆகவே இது வணிக நோக்கம், நீங்கள் நுகர்வோரே இல்லை என்று சொல்வார்கள். கிச்சனுக்கு இந்த வாதம் பொருந்தாது, அது நீங்கள் சமைக்கும் இடம். சிட்-அவுட்டைப் பொறுத்தவரை, வேலை செய்ததன் முதன்மை நோக்கம் என்ன, லாபம் ஈட்டுவதோடு அதற்கு நேரடித் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதே 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. குடியிருக்கும் சொந்த வீட்டில் இரண்டு அறையை விட்டுப் பிழைப்பதை ஓட்டல் நடத்துவதோடு சேர்ப்பது எளிதில்லை என்பது என் கருத்து. ஆனாலும் வாடகை விஷயத்தைப் புகாரில் ஒளிக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.

பாக்கி, மிரட்டல், போலீஸ்

70,000 ரூபாயைக் கொடுக்காமல் வைத்திருப்பது தவறில்லை. ஆனால் சும்மா பேசாமல் இருக்காதீர்கள். 'இன்னின்ன குறை இருப்பதால் நிறுத்தி வைத்திருக்கிறேன்' என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். காரணம் சொல்லாமல் நிறுத்தியது பின்னால் ஏமாற்றியது போலத் தோன்றும்.

பணத்தைத் திரும்ப வாங்க போலீசுக்குப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மோசடி என்று நிறுத்த வேண்டுமானால் ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். வேலையைச் செய்து, மட்டமாகச் செய்த விஷயத்தில் 'சிவில் மேட்டர்' என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். நிலையத்தில் பேசி முடித்ததாக ஒரு தாளில் கையெழுத்தும் போட்டுவிட்டால் அதுவே பிறகு உங்களுக்கு எதிராக நிற்கும். ரெயிலிங்கைக் கழற்ற ஆள் கூட்டி வந்து நின்றால் அது வேறு. பொருத்திய பொருள் உங்கள் வீட்டின் பகுதி, பாக்கிக்காக அதைப் பெயர்த்துப் போக அவருக்கு உரிமை இல்லை. அப்போது தயங்காமல் 100க்கு அழையுங்கள்.

வழக்கா, பேச்சா?

நாத்தனார் வீட்டு உறவு கெட்டுவிடுமோ என்ற கவலை கடிதம் முழுக்கத் தெரிகிறது. நியாயமான கவலைதான். அதற்கு வழி, வழக்கையே விட்டுவிடுவதில்லை. நாத்தனார் வீட்டுக்காரரை நடுவில் நிறுத்திப் பேசுவதை விட்டுவிடுவதுதான். இருபது மாதமாக அவர் மூலம்தான் பேசினீர்கள், என்ன கிடைத்தது? இனிமேல் நேராகக் கடிதத்தில் பேசுங்கள். புகார் தாக்கல் ஆன பிறகும், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் ஆணையமே சமரசத்துக்கு அனுப்பலாம், சட்டத்தின் 37ஆவது பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. என் அனுபவத்தில், வராதவர்களையும் ஆணையத்தின் நோட்டீஸ் கையில் கிடைத்ததும் பேச்சுக்கு வரவைக்கலாம்.

கேட்கும் தொகையில் நிதானம் வேண்டும். கிச்சனின் கெட்டுப்போன பாக்ஸ்களை மாற்றவும், ரெயிலிங்கை முறையாக வைக்கவும் ஆகும் செலவுக்குப் பொறியாளரிடம் மதிப்பீடு வாங்குங்கள். அதோடு நியாயமான இழப்பீடு, வழக்குச் செலவு. பாக்கி எழுபதாயிரத்தை அதில் கழித்தே கேளுங்கள். மன உளைச்சலுக்குப் பத்து லட்சம் என்று எழுதிக் கொடுக்கச் சிலர் இருப்பார்கள். அது கிடைப்பதும் அபூர்வம், சமரச மேசையில் எதிராளி எழுந்து போவதற்கு அது ஒன்றே போதும். முழுக் கிச்சனையும் பிரித்துப் புதிதாகச் செய்ய வேண்டும் என்ற கோரிக்கையையும் பொறியாளர் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். மேலே உள்ள பாக்ஸ்கள் நன்றாக இருந்தால் அவற்றைக் குறை சொல்லாதீர்கள்.

பொறியாளர் வந்து போகும் வரை சிட்-அவுட் பூட்டியே இருக்கட்டும். மாடிக் குடும்பம் துணி காயப் போட இடம் கேட்பார்கள். மொட்டை மாடியில், கைப்பிடிச் சுவரை விட்டுத் தள்ளி ஒரு கொடி கட்டிக் கொடுங்கள். அந்த நைலான் கயிறே போதும்.